தலையணைக்குள் தேடிய சைத்தான்

என் தம்பி சாகுலின் தலையணையை நான்தான் பிரித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அம்மா வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டாள். நான் தரையில் பழைய சேலை ஒன்றை விரித்து, தலையணையை மடியில் வைத்து, தையல் பிரிக்கும் சின்னக் கத்தியால் ஓரத்தை அறுத்தேன். இருபது வருஷத்துக்கு மேலாக நைட்டி தைக்கிறவள் நான். எதைப் பிரித்தாலும் திரும்பத் தைப்பதற்கு வசதியாகத்தான் கை பிரிக்கும்.

உள்ளே இலவம் பஞ்சு. கட்டி கட்டியாக, தலை எண்ணெய் வாடையோடு. இரண்டு கையாலும் அளைந்து பார்த்தேன். கறுப்பு விதைகள் நாலைந்து கிடைத்தன.

“நல்லாப் பாருட்டி. செப்புத் தகடு சன்னமாத்தான் இருக்கும்” என்றாள் அம்மா.

“இல்லம்மா.”

“இருக்கும். அந்த ஆளு கண்ணால பாத்த மாதிரில்லா சொன்னாரு.”

பஞ்சு பறக்கும் என்று அம்மா ஃபேனை அணைத்திருந்தாள். வியர்வையில் பஞ்சு என் புருவத்திலும் உதட்டிலும் ஒட்டியது. கடைசிக் கட்டியையும் உதிர்த்துப் பார்த்துவிட்டேன். தகடு இல்லை. எந்தத் தகடும் இல்லை.

“அப்ப நிலைப்படிக்குக் கீழ பொதைச்சிருப்பாவ” என்றாள் அம்மா. “நாளைக்கு ஆளக் கூப்பிட்டுத் தோண்டிப் பாப்போம்.”

நான் பஞ்சைத் திரும்ப அடைக்க ஆரம்பித்தேன். வெளியே எடுத்த பஞ்சு முழுவதும் உள்ளே போகவில்லை. பஞ்சு அப்படித்தான்.

பரக்கத் போன பிறகு

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் ராஜபாளையம். பெயர் மைமூன். கணவர் தவறிப் பல வருஷம் ஆகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. அடுத்த வீட்டில் அம்மாவும் தம்பியும். சாகுல் டூவீலர் மெக்கானிக்.

அவன் மனைவி பரக்கத், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண். லேப் டெக்னீசியன் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் தன் ஊரில் இருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை.

தலையணையைப் பிரித்தபோது, பரக்கத் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவளாகப் போகவில்லை. ஒரு சண்டையில் சாகுல் அவளுடைய போனைச் சுவரில் எறிந்து உடைத்து, “ஒங்க அத்தா வீட்டுக்குப் போயிரு” என்று தெரு கேட்கக் கத்தினான். அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவன் ஆளே சரியில்லை. ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கிவிட்டு, கடைக்குள் சும்மா உட்கார்ந்திருப்பான். தொழ நின்றால் எத்தனை ரக்அத் தொழுதோம் என்று மறந்து நடுவிலேயே முடித்துவிடுவான். அம்மா போட்ட சோறு தட்டிலேயே காய்ந்து கிடக்கும்.

இதற்கிடையில் பரக்கத்தின் அத்தா எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு இரண்டு தரப்பையும் கூப்பிட்டு வைத்துப் பேசுவதாக முடிவாகியிருந்தது. அப்படிப் பேச உட்கார்ந்தவர்களில் பலர் பிரிந்துதான் எழுந்திருக்கிறார்கள்.

அம்மாவுக்கு இதற்கெல்லாம் ஒரே காரணம்தான். “நல்லா இருந்த புள்ள இது. யாரோ செஞ்சு வச்சிருக்காவ. சைத்தான் பூந்துட்டான்.”

கான்சாபுரத்தைத் தாண்டி

யாரோ சொன்ன பேச்சைக் கேட்டு, அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு பிளவக்கல் போகிற வழியில் ஓர் ஆளைப் பார்க்கப் போனாள். மூன்று பஸ் மாறினோம். கான்சாபுரம் தாண்டி இறங்கி, வெயிலில் ஒரு தகரக் கொட்டகை வரை நடந்தோம். எல்லாச் சாதி மதத்து ஆட்களும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். கோர்ட் வழக்குக்காரர்கள், பிள்ளையில்லாதவர்கள், பட்டாளத்தில் இருக்கும் மகனிடமிருந்து போன் வரவில்லை என்று வந்த ஓர் அம்மா.

அந்த ஆள் எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டே கேட்டார்: “பொண்ணு வீடு எந்தப் பக்கம்?”

“சீவிலிப்புத்தூர்” என்றாள் அம்மா.

“ஒங்களுக்கு வடக்கயா? வடக்க இருந்துதான் வந்திருக்கு. தலையணையப் பிரிச்சுப் பாருங்க, செப்புத் தகடு கெடக்கும்.”

ஒரு தாயத்தைக் கொடுத்து வாசலில் கட்டச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ் ஜன்னலோரம் அம்மா முகம் தெளிந்திருந்தது. குற்றவாளி கிடைத்துவிட்ட தெளிவு. எனக்கும் அது இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பெண் வீட்டார்தான் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சமாதானம்.

எங்கள் வீட்டுச் சைத்தான்

நாங்கள் வளர்ந்தபோது சைத்தான் ஒரு வீட்டு ஆள் மாதிரி. கொட்டாவி விட்டால் வாயைப் பொத்து, இல்லையென்றால் அவன் சிரிப்பான். இடது கையால் தின்னாதே, அது அவன் வழக்கம். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் நேரம் பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிடு. தண்ணீர்ப் பானையை மூடி வை. வீட்டுக்குள் நுழையும்போது பிஸ்மி சொல், இல்லாவிட்டால் அவனும் கூடவே நுழைந்து ராத்தங்கலுக்கு இடம் பிடித்துவிடுவான்.

எங்கள் அத்தா இதையெல்லாம் பயமுறுத்தாமல் சொல்வார், வாசலில் செருப்பைக் கழற்று என்பது மாதிரி. அதனால் எனக்கு அவன் மேல் பெரிய பயம் கிடையாது. மூடி வைத்தால் வரமாட்டான், ஓதினால் ஓடிவிடுவான். வெளியிலிருந்து வருகிற ஆள். கதவைச் சாத்தினால் போதும்.

நான் தைக்கும் யூனிட்டில் என் பக்கத்து மிஷினில் எஸ்தர் என்று ஒரு பெண். ஒரு நாள் அவள் சொன்னாள்: “எங்க சாத்தானும் ஒங்க சைத்தானும் ஒரே ஆளுதாங்க்கா. ஒங்களுக்குக் கொஞ்சம் அடங்கி இருக்கான், எங்களுக்குக் கொஞ்சம் ஆட்டம் போடுதான்.” அன்றைக்குச் சிரித்துக்கொண்டே இரண்டு டஜன் நைட்டி முடித்தோம்.

ஆலிமா அளவு கொடுக்க வந்த நாள்

தலையணையைப் பிரித்த மறுநாள் ஜைனப் ஆலிமா என் வீட்டுக்கு வந்தார். ஆலிமா என்றால் மார்க்கக் கல்வி படித்துப் பட்டம் வாங்கிய பெண். பெண் பிள்ளைகளுக்கு மதரஸாவில் ஓதிக் கொடுப்பவர். வயது முப்பதுதான் இருக்கும்; என்னை அக்கா என்பார். பிள்ளைகளுக்குத் தலையை மூடும் மக்கனா தைக்க, தலைச் சுற்றளவு எழுதிய தாளோடு வந்திருந்தார்.

நான் தாளை வாங்கி வைத்துவிட்டு, தகடு விஷயத்தை முழுசாகச் சொன்னேன். “அடுத்து நிலைப்படியத் தோண்டணும்னு அம்மா சொல்லுது. தோண்டலாமா?” என்று கேட்டேன்.

“தோண்டுனா நிலைப்படிதான் போகும்க்கா” என்றார். “சூனியம்னு ஒண்ணு இல்லைன்னு நான் சொல்லல. ஆனா எல்லாத்துக்கும் அதத்தான் தேடுனா, பக்கத்துல இருக்கது கண்ணுக்குத் தெரியாமப் போயிரும்.”

பிறகு அவர் சொன்னதை எனக்கு நினைவு இருக்கிற வரை எழுதுகிறேன்.

சைத்தான்களுக்கெல்லாம் தலைவனான இப்லீஸ் கெட்டது பொறாமையாலும் பெருமையாலும். முதல் மனிதர் ஆதமுக்குப் பணிய இறைவன் சொன்னபோது, நான் நெருப்பு, அவர் மண், நான்தான் உசத்தி என்றான். விரட்டப்பட்டதும் உலகத்தின் கடைசி நாள் வரை அவகாசம் கேட்டு வாங்கினான். மனிதர்களுக்கு முன்னாலும் பின்னாலும் வலத்திலும் இடத்திலும் வருவேன் என்றான். “மேலயும் கீழயும்னு அவன் சொல்லல பாருங்க” என்றார் ஆலிமா. “கையேந்துனா வேண்டுதல் மேல போகுது. தொழுகையில நெத்தியத் தரையில வச்சா கீழ போகுது. அந்த ரெண்டு வழியும் தெறந்துதான் கெடக்குன்னு எங்களுக்கு ஓதிக் கொடுத்த உஸ்தாது சொல்லுவாங்க.”

“அவனால என்னதான் செய்ய முடியும்?” என்று கேட்டேன்.

“கையப் பிடிச்சு இழுக்க முடியாது. காதுல சொல்லலாம், அம்புட்டுத்தான். கடைசி நாள்ல அவனே சொல்லுவான்: ஒங்க மேல எனக்கு அதிகாரம் இல்ல, நான் கூப்பிட்டேன், நீங்க வந்தீங்க, என்னையப் பழிக்காதீங்கன்னு.”

அப்புறம் இன்னொன்று சொன்னார். இப்லீஸ் தண்ணீர் மேல் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்து தன் ஆட்களை அனுப்புவானாம். அவர்கள் திரும்பி வந்து, இதைச் செய்தேன், அதைச் செய்தேன் என்பார்கள். நீ ஒன்றும் செய்யவில்லை என்று விரட்டிவிடுவான். ஒருவன் வந்து, ஒரு புருஷனையும் பெண்சாதியையும் பிரிக்கிற வரை நான் விடவில்லை என்பான். அவனைத்தான் பக்கத்தில் இழுத்து வைத்துப் பாராட்டுவானாம்.

நான் அளவு நாடாவை விரலில் சுற்றி, திரும்பப் பிரித்தேன்.

“ராத்திரி படுக்கும்போது மூணு குல்லும் ஓதுறீங்களாக்கா?” குர்ஆனின் கடைசி மூன்று சின்ன அத்தியாயங்களுக்கு எங்கள் பேச்சில் அந்தப் பெயர்.

“சின்னப் புள்ளையில இருந்தே ஓதுவேன். கையில ஊதி மேலெல்லாம் தடவிக்கிடுவேன்.”

“அதுல கடைசியா வார நாஸ் சூராவோட அர்த்தம் படிச்சிருக்கீங்களா? காதுல சொல்லிட்டு ஒளிஞ்சுக்கிடுறவனோட தீங்குல இருந்து காப்பாத்துன்னு கேக்குறோம். அவன் யாருன்னு கடைசில வருது. ஜின்னுலயும் இருப்பான், மனுசர்லயும் இருப்பான்.”

அவர் இதை என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. என்னைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தாளில் இரண்டு அளவைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் அதன் பிறகு அன்றைக்கு மிஷினில் உட்காரவில்லை.

நான் சொன்னவை

கல்யாணத்துக்கு முன்னால் சாகுல் கடையை விட்டு வந்ததும் நேரே என் வீட்டுக்குத்தான் வருவான். டீ குடிப்பான். யார் வண்டியில் என்ன கோளாறு என்று சொல்வான். பேச்சுத் துணையில்லாத வீட்டில் அந்த அரை மணி நேரம்தான் எனக்குப் பொழுது. கல்யாணம் ஆனதும் அது நின்றது. நிற்கத்தான் செய்யும். நான்தான் அதை ஏற்கவில்லை.

நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. எப்போதாவது அவனைத் தனியாகப் பார்க்கும்போது ஒரு வார்த்தை.

“பஸ்ஸு லேட்டாம்லே. தினமுமா லேட்டு?”

இன்னொரு நாள்: “வேலைக்குப் போற புள்ளைய, நம்மகிட்ட எல்லாத்தையுமா சொல்லும்?”

பிறகு ஒரு நாள், துணி மடித்துக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல்: “அவ போனை எப்பவும் கவுத்தித்தான் வைக்கா. நீ கவனிச்சியா?”

அம்புட்டுத்தான். சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அவன் கவனிக்க ஆரம்பித்தான். கேள்வி கேட்க ஆரம்பித்தான். அவள் இல்லாதபோது போனை நோண்டினான். அவள் கோபத்தில் பூட்டு எண்ணை மாற்றினாள். அதுவே அவனுக்குச் சாட்சியாகிவிட்டது. ஒரு வருஷம் இப்படிப் போய்க் கடைசியில் போன் சுவரில் உடைந்தது. அன்றைக்கு முதல் ஆளாக ஓடிப் போய் அவளைச் சமாதானப்படுத்தியதும் நான்தான்.

தலையணைக்குள் தகடு தேடியதும் நான்தான்.

கடையில்

இரண்டு நாள் எனக்குத் தைரியம் வரவில்லை. புதன்கிழமை சாகுலின் கடைக்குப் போனேன். ஸ்பார்க் பிளக்கை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“ஏலே, அவ போனைக் கவுத்தி வைக்கான்னு ஒனக்கு யாரு சொன்னா?”

“நீதான்.”

“நான் என்னத்தப் பாத்துச் சொன்னேன்? ஒண்ணும் பாக்கல. சும்மா சொன்னேன்.”

தேய்ப்பதை நிறுத்தினான். “எதுக்கு?”

“நீ டீ குடிக்க வாரதில்லைல்லா. அதுக்கு.”

வாய்விட்டுச் சொன்னபோது அது எவ்வளவு சின்னதாக இருந்தது! அவன் அடிப்பான், திட்டுவான் என்று நினைத்தேன். அவன் பிளக்கைக் கீழே வைத்தான். முழங்கை வரை கிரீஸ்.

“நீ சொன்னக்கா. கேட்டது நாந்தான?” என்றான். “போனை எறிஞ்சது எங்கை. அவளப் போகச் சொன்னது எவ்வாயி. ஒன் தலையில போட்டுட்டு நான் போயிர முடியுமா?”

“வா, சீவிலிப்புத்தூருக்கு ரெண்டு பேரும் போவோம்.”

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு?” என்று கேட்டுவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தான். தேய்த்துத் தேய்த்து அந்தப் பிளக் வெள்ளிபோல் ஆகிவிட்டது.

பரக்கத்தின் வீட்டில்

வியாழக்கிழமை நான் மட்டும் பஸ் ஏறினேன். வெறுங்கையோடு போனேன். கையில் ஒரு பையோடு போய்ச் சொல்கிற விஷயமாக அது எனக்குப் படவில்லை. பஸ்ஸில் அரை மணி நேரமும் அஊது சொல்லிக்கொண்டே இருந்தேன். விரட்டப்பட்ட சைத்தானை விட்டு இறைவனிடம் ஒதுங்குகிறேன் என்று அதற்கு அர்த்தம். இறங்கித் திரும்பிப் போய்விடு என்று உள்ளே ஒரு குரல் அழகாக நியாயம் பேசியது. கோபமாக இருப்பார்கள், வெள்ளிக்கிழமை ஜமாஅத் பார்த்துக்கொள்ளும், பெரியவர்கள் விஷயத்தில் நீ எதற்கு என்றது. எல்லாமே சரியான காரணங்கள்.

பரக்கத்தின் அம்மா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். குழந்தை என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். உள்ளே நின்ற பரக்கத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நின்றாள்.

உட்காராமலே சொன்னேன். மூன்று வாக்கியத்தையும் நான் சொன்னபடியே சொன்னேன். எதையும் குறைக்கவில்லை.

பரக்கத் கேட்டு முடித்துவிட்டு, “போனை ஏன் கவுத்தி வைக்கேன்னு என்னையக் கேட்டிருக்கலாம்லா மதினி?” என்றாள். “வெளிச்சம் வந்தா புள்ள முழிச்சுக்கிடுவா. அவ பொறந்ததுல இருந்து வந்த பழக்கம். அஞ்சே கால் பஸ்ஸுல காலேஜ் பிள்ளைய நெறைஞ்சு வரும், நிப்பாட்ட மாட்டான். அடுத்தது அஞ்சே முக்கா. ஒங்க வீட்டு வாசல்லதான நடந்து வந்தேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கேட்டிருக்கலாம்லா?”

“தப்புதான் தாயி. என்னைய மன்னிச்சிரு.”

“எனக்கு இப்ப மன்னிக்கணும்னு தோணல. பொய் சொல்ல மாட்டேன். தோணுச்சுன்னா சொல்லுதேன்.”

நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். “அவுகள வரச் சொல்லுங்க. புதுப் போனு வாங்கிட்டு வந்து நிக்க வேண்டாம். ஆளு வரட்டும்.”

அன்றைக்குச் சாயங்காலமே சாகுல் கிரீஸைக் கழுவிவிட்டு வண்டியை எடுத்தான். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை

ஜமாஅத் கூடியது. பெண்கள் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தோம், கதவு திறந்திருந்தது. பெரியவர்கள் காரணம் கேட்டார்கள். “சந்தேகப்பட்டேன். தப்பு என் மேலதான்” என்றான் சாகுல். பரக்கத்திடம் கேட்டார்கள். “அவுக சொன்னதுதான்” என்றாள். அவள் எனக்கு இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தாள்.

என் பெயரை இருவருமே சொல்லவில்லை. மன்னிக்கவில்லை என்று சொன்ன பெண்தான் என்னைச் சபையில் காட்டிக் கொடுக்காமல் விட்டாள். அதனால்தான் இப்போது நானே எழுதுகிறேன். எழுதலாமா என்று பரக்கத்திடம் கேட்டேன். “எழுதுங்க. என்னைய ரொம்ப நல்லவளா மட்டும் எழுதிராதீங்க” என்றாள்.

ஒரு நிபந்தனையில் அவள் உறுதியாக இருந்தாள். எங்கள் தெருவுக்குத் திரும்ப மாட்டேன் என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வாடகை வீடு பார்த்துக் குடியேறினார்கள். இப்போது பஸ்ஸுக்கு நிற்பது அவளில்லை. சாகுல்தான் தினமும் வண்டியில் ராஜபாளையம் வந்து போகிறான். அந்த வீட்டுக்கு நானாகப் போவதில்லை, கூப்பிட்டால் போவேன். இதுவரை இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாள். இரண்டாவது முறை குழந்தையின் பெருநாள் கவுனுக்கு அளவெடுக்க. மன்னித்துவிட்டேன் என்று இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மாவைப் பொறுத்தவரை தாயத்துதான் வேலை செய்தது. “கட்டுன அஞ்சாம் நாளு சேந்துட்டாக பாத்தியா?” என்று இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்கிறாள். நடந்ததை அம்மாவிடமும் சொன்னேன். “ஒன்னையக் கொண்டுதான சைத்தான் பேசியிருக்கான், நீ என்ன செய்வ?” என்று என்னை விடுவித்துவிட்டாள். பெற்ற மனசு. ஆனால் அந்த விடுதலையை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஜைனப் ஆலிமாவிடம் பிறகு துஆவாக ஒரு சின்ன வேண்டுதல் கேட்டு எழுதி வாங்கினேன். காலையிலும் மாலையிலும் கேட்பது. என் மனசின் தீங்கிலிருந்து என்னைக் காப்பாற்று, சைத்தானின் தீங்கிலிருந்தும் காப்பாற்று என்று அதில் வருகிறது. வரிசையைக் கவனித்தேன். நம்முடைய மனசு முதலில், அவன் அப்புறம்.

போன மாதம்

இதெல்லாம் முடிந்து நான் திருந்திவிட்டேன் என்று முடித்தால் படிக்க நன்றாக இருக்கும். போன மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல். சாகுல் மட்டும் பார்க்க வந்தான். பரக்கத் வரவில்லை. அவன் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தான், நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு ஒரு வாக்கியம் தோன்றியது. சின்ன வாக்கியம்தான், நாலு வார்த்தை. வெளியிலிருந்து கேட்டால் அக்கறை மாதிரியே இருக்கும். உதடு வரை வந்துவிட்டது.

கஞ்சியை வைத்துவிட்டு எழுந்து பின்பக்கம் போனேன். குழாயைத் திறந்து, தொழப் போகிறவள் மாதிரி கையையும் முகத்தையும் காலையும் கழுவினேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அவசரப்படாமல் கழுவினேன்.

திரும்பி வந்தபோது அம்மாவும் மகனும் வேறு எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கஞ்சியை எடுத்து அம்மாவுக்குக் கொடுத்தேன்.

அந்த வாக்கியம் என்ன என்பதை இங்கேயும் எழுதப்போவதில்லை.